உள்ளே ஆள் இருக்கா?

எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கும். பீரோவுக்கும் அது இல்லை, வாசல் கதவுக்கும் இல்லை. கல்யாணமாகி இந்த வடக்குத்து ஊருக்கு வந்த புதிதில், இது எதற்கு என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குத் தட்டில் போட்ட சோறு காய்ந்துபோகும் வரை என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தவில்லை.

அப்போது அவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். மண்ணையும் கரியையும் சுமந்து ஓடுகிற பெல்ட்டுகளில் வேலை. பழுது பார்க்க ஓர் ஆள் மிஷினுக்குள் இறங்குவதற்கு முன்னால், கரண்டை நிறுத்தி, அந்த சுவிட்சின் மேல் தன் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் ஓர் அட்டை தொங்கும். அட்டையில் அவன் போட்டோ இருக்கும். பூட்டுக்கு ஒரே சாவி, அது அவன் சட்டைப்பையில் இருக்கும். நாலு பேர் உள்ளே இறங்கினால் நாலு பூட்டு. எல்லாப் பூட்டும் கழன்றால்தான் மிஷின் ஓடும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்து குதித்தாலும் அதுதான் சட்டம்.

“பூட்டுல யார் மூஞ்சி இருக்கோ அவுங்கதான் தொறக்கணும். அடுத்தவன் பூட்டுல கைய வெக்கிறவன் மனுஷனே இல்ல,” என்றார். கடைசிப் பூட்டைத் திறப்பதற்கு முன்னால் மிஷினுக்குள் குனிந்து “உள்ள ஆள் இருக்கா?” என்று மூன்று தரம் கத்த வேண்டும். கத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால்தான் சாவியை எடுக்கலாம்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் மற்றவர்கள் தட்டுவார்கள். இவர் வெளியே நின்றுகொண்டு “உள்ள ஆள் இருக்கா?” என்று தெருவே கேட்கிற மாதிரி மூன்று தரம் கத்துவார். எங்கள் பெண் பேசக் கற்றதும் உள்ளேயிருந்து “ஆள் இருக்கு, ஆள் இருக்கு” என்று பதிலுக்குக் கத்துவாள். அக்கம்பக்கத்தில் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

காண்ட்ராக்ட் ஒருநாள் முடிந்தது. புது ஆள் எடுத்தபோது இவர் பேர் இல்லை. பூட்டைத் திருப்பிக் கேட்க அவர்கள் மறந்தார்களோ, திருப்பிக் கொடுக்க இவர் மறந்தாரோ, அது ஆணியிலேயே தங்கிவிட்டது. அதன் பிறகு ஊருக்கு வெளியே ஒரு சாம்பல் கல் பட்டறைக்குப் போனார். சாம்பலைக் குழைத்து அச்சில் அழுத்திக் கல்லாக எடுக்கிற மிஷின் அங்கே உண்டு. அதன் முன்னால் ஒரு கம்பிக் கதவு இருக்கும். கதவைத் திறந்தால் மிஷின் தானே நின்றுவிடும், கையை உள்ளே விடுகிறவன் பிழைக்கட்டும் என்று. அடிக்கடி நின்றால் கல் குறைகிறது என்று முதலாளி முணுமுணுத்திருக்கிறார்.

ஒருநாள் மதியச் சாப்பாடு எடுத்துப்போனேன். கதவு பப்பரப்பா என்று திறந்துகிடக்க மிஷின் பாட்டுக்கு இடித்துக்கொண்டிருந்தது. கதவோரம் இருந்த சுவிட்சின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சின்னதாக ஒரு செப்புக் கம்பி.

“இது என்னாங்க?”

“லூப்பு. கதவு மூடிகினுதான் இருக்குதுன்னு மிஷினு நெனச்சிக்கும்.”

“அப்ப பொய்யி.”

“பொய்யிதான்,” என்று சிரித்தார். பூட்டைப் பற்றி அப்படிப் பேசிய வாயா இது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மழைக்காலத்தில் பட்டறை மூடியது. இனி ஒருத்தன் கீழே வேலை வேண்டாம் என்று ஒரு பேட்டரி ஆட்டோ வாங்கினோம். பழைய வண்டிதான், ஆனால் சத்தமே போடாது. வடக்குத்தில் இருந்து சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கிற டவுன்ஷிப்பின் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவது என்று ஏற்பாடு. நான் அப்போதும் இப்போதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறேன். காலையில் அதே வண்டியின் முன்சீட்டு ஓரத்தில் ஒண்டிக்கொண்டு போய்ப் பாதியில் இறங்கிக்கொள்வேன்.

பிள்ளைகள் கூடக் கூட இடம் போதவில்லை. இவர் ஒரு பலகையை வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புப் பட்டையின் மேல் வைத்து, நீள நீளமான ஸ்க்ரூவாகப் போட்டு முடுக்கினார். குட்டிப் பிள்ளைகளுக்கு அந்தப் பலகை. எங்கள் பெண் இரண்டாவது படித்தாள். அவளுக்கும் அங்கேதான் இடம். அவள் அதை “எங்கப்பா பென்ச்சு” என்று சொல்லிக்கொண்டு, யாரை உட்காரவிடுவது, யாரை விடாதது என்று ராஜ்யம் நடத்தினாள். வலது பக்கம் பிள்ளைகள் விழாமல் இருக்கக் கம்பிவலை அடித்திருந்தோம். ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கம் மட்டும்தான்.

பலகை போட்ட சில நாட்களில் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. பின்சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி. அதற்குள் வீட்டில் மீட்டர் பக்கத்தில் இருக்குமே, அதே மாதிரி ஒரு ட்ரிப் சுவிட்ச். எங்கேயாவது ஒயர் உரசி அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால், அது தானே கீழே விழுந்து வண்டியை நிறுத்திவிடும். அது விழ ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் டக்கென்று ஒரு சத்தம், வண்டி செத்துவிடும். டவுன்ஷிப்பில் வேகத்தடைக்கா பஞ்சம்? பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பிளாக்குக்கு பிளாக் ஒன்று. பிள்ளைகள் முதலில் கைதட்டினார்கள். இவர் இறங்கி, பின்சீட்டுப் பிள்ளைகளை எழுப்பி, பெட்டியைத் திறந்து, சுவிட்சை மேலே தள்ளுவார். அடுத்த வேகத்தடையில் மறுபடியும் டக்.

பள்ளிக்கூட மணி அடித்த பிறகு பிள்ளைகள் போய் நின்றார்கள். டயரியில் லேட் என்று எழுதி அனுப்பினார்கள். ஓர் அம்மா தன் இரண்டு பிள்ளைகளையும் வேனுக்கு மாற்றிவிட்டாள். இன்னொருத்தி தினமும் வாசலில் நின்று, “நாளைக்காச்சும் நேரத்துக்குப் போவுமாங்க?” என்று கேட்டாள். அவள் கேட்ட ஒவ்வொரு தரமும் இவர் முகம் செத்துப்போகும். சுரங்கமும் போய், பட்டறையும் போய், இதுவும் போய்விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்ததிலேயே எனக்குத் தெரிந்தது.

வண்டி வாங்கிய கடையில் காட்டினார். விட்டுவிட்டுப் போங்கள், பார்க்க நாளாகும் என்றார்கள். விட்டுவிட்டுப் போனால் பிள்ளைகளை யார் கொண்டுபோவது? ஓட்டிக்கொண்டே திரும்பி வந்துவிட்டார்.

அப்புறம் ஒரு வாரம் வண்டி நிற்கவே இல்லை. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். எப்படி என்று கேட்டேன், “சரி பண்ணிட்டேன்” என்றார். நானும் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். வாசலில் நின்று கேட்கிற அம்மாகூட ஒருநாள் சிரித்தாள். அந்த வாரத்தில்தான் எங்கள் பெண் தொடையைத் தேய்த்துக்கொண்டே, “அம்மா, பென்ச்சு ஸ்க்ரூ சுடுது” என்றாள். பார்த்தேன், ஒரு பொட்டு அளவுக்குச் சிவப்பு. வெயிலில் நிற்கிற வண்டி, இரும்பு சுடாமல் என்ன செய்யும் என்று தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பினேன்.

ஆயுத பூஜை வந்தது. அதை எங்கள் பக்கத்தில் சாதாரணமாகக் கொண்டாட மாட்டார்கள். ஊரில் பாதிப்பேர் மிஷினோடு பிழைக்கிறவர்கள். மிக்ஸி, தையல் மிஷின், ஸ்பேனர், பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸ் வரை சந்தனம், குங்குமம் வைக்காமல் விடமாட்டோம். நான் வண்டியைக் கழுவித் துடைத்தேன். சக்கரத்துக்கு வைத்தேன், ஹாரனுக்கு வைத்தேன். இத்தனை நாள் விழுந்து விழுந்து படுத்தியதே, அந்த சுவிட்சுக்கும் ஒரு பொட்டு வைத்தால் ஒழுங்காக இருக்கும் என்று பின்சீட்டைத் தூக்கிப் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன்.

சுவிட்ச் கீழே விழுந்துதான் கிடந்தது. ஆனால் வண்டியின் முன்னால், பேட்டரியில் இருந்து கரண்ட் வந்தால் மட்டும் எரிகிற பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். சுவிட்சின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்குத் தடிமனான ஒரு செப்புக் கம்பி. பட்டறையில் பார்த்த அதே வளைவு, அதே முறுக்கு. அவர் கையெழுத்து மாதிரி எனக்கு அது தெரியும். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறிப்போய், கருகிய வாசனை அடித்தது. விரலில் குங்குமத்தோடு அப்படியே நின்றேன். தொடையில் இருந்த சிவப்புப் பொட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வண்டி சரியாகவில்லை. வியாதி அப்படியேதான் இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த வாயைத்தான் கட்டியிருந்தார்.

அவர் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வந்தார். கையில் இருந்ததைக் கீழே வைக்கும் வரைக்கும்கூட நான் பொறுக்கவில்லை.

“என்னா பண்ணி வெச்சிருக்கீங்க? புள்ளைங்க போற வண்டியில லூப்பு போட்டு வெச்சிருக்கீங்களே, நீங்க மனுஷனா?”

“கத்தாத. அது சும்மா சும்மா விழுது. சுவிட்சுதான் கெட்டுப்போச்சு.”

“பாப்பாவுக்குத் தொடை சுட்டிருக்குதுங்க.”

“வெயில்ல நிக்கிற வண்டி சுடாதா?” நான் சொல்லிக்கொண்ட அதே சமாதானம். “இத பாரு, நடு ரோட்டுல வண்டி நின்னுச்சின்னா பின்னாடி சாம்ப லாரி வந்துகினு இருக்கான். அவன் பிரேக் புடிக்கறதுக்குள்ள என்னா ஆவும்? நிக்காம போறதுதான் புள்ளைங்களுக்கு நல்லது. லீவுல நல்ல சுவிட்சா பாத்து மாத்தறேன்.”

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. சாம்பல் லாரிகளை நானும் பார்க்கிறேன். நின்றால் லாரி, நிற்காவிட்டால் நெருப்பு. இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எது கொஞ்சம் தேவலாம் என்று நாங்கள் இருவரும் பூஜை நாளில் சண்டை போட்டோம். அவர் பூசணிக்காயை உடைத்த வேகத்தில் குங்குமத் தண்ணீர் என் புடவை முழுக்கத் தெறித்தது.

பேட்டரி வண்டிகள் எரிகிற வீடியோக்களைச் செல்போனில் எத்தனை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்குக் கண்ணை மூடினால் எங்கள் வண்டிதான் எரிந்தது. வலது பக்கம் கம்பிவலை. இறங்க இடது பக்கம் ஒன்றுதான் வழி. வழியை அடைத்துக்கொண்டு பெரிய பிள்ளைகளின் கால்களும் பைகளும். பலகையில் இருக்கிற குட்டிகள் கடைசியாகத்தான் இறங்க முடியும். அந்தக் கணக்கை மனதில் போட்டுப் போட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது.

மறுநாளும் விடுமுறைதான். என்னென்னவோ செய்து பார்த்தேன். கெஞ்சினேன். சாப்பிடாமல் கிடந்தேன். கம்மாபுரத்தில் இருக்கிற என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பையை எடுத்தேன். “போ, புள்ளைங்கள உட்டுட்டு அப்படியே அங்க வந்து இதே வண்டியில உன்னயும் கூட்டிகினு வரேன்,” என்றார். மாமியாரிடம் சொன்னேன். “ஆம்பள செய்யிற வேலையில நீ ஏன் தலய உடற? அவனுக்குத் தெரியாத கரண்டா?” என்று முடித்துவிட்டார். கடை மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவர் பதறிப்போய், “ஓட்டாதீங்கம்மா, ஓட்டவே ஓட்டாதீங்க” என்றார். ஆனால் வந்து பார்க்க ஆள் இல்லையாம், பூஜை லீவாம்.

கம்பியை நானே பிடுங்கிவிடலாம் என்று போனேன். கரண்ட் அடிக்காமல் இருக்கக் கையில் மரக் கரண்டி. பெட்டிக்குள் நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிடுங்கினால் மட்டும் என்ன? திரும்பவும் போடுவதற்கு அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. பிள்ளைகளின் வீடுகளில் சொல்லிவிடலாம் என்று தெருமுனை வரை நடந்தேன். வாசலில் நின்று கேட்கிற அந்த அம்மா கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள். “என்னாங்க, நாளைக்கு வண்டி உண்டுதானே?” என்றாள். சொன்னால் இன்றோடு வண்டி போச்சு, இவர் மானமும் போச்சு. இதற்கு மேல் ஓர் அடி வாங்க அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற காலையில் ஒரு காரியம் செய்தேன். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு அனுப்பவில்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “சரி” என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

எங்கள் தெருப் பிள்ளைகள் வழக்கம்போல வண்டியடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒன்றாவது படிக்கிற ஒரு குட்டி, பெரிய பையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து பலகையில் ஏறியது. தன் பையைப் பக்கத்தில் எங்கள் பெண்ணின் இடத்தில் வைத்தது. வேறு ஒரு பிள்ளை அங்கே உட்காரப் போனபோது, “இது அக்கா எடம், உக்காராத” என்று தள்ளிவிட்டது. என்னைப் பார்த்து, “அத்த, அக்காவ சீக்கிரம் வரச் சொல்லுங்க. நான் எடம் புடிச்சி வெச்சிருக்கேன்,” என்றது.

என் பெண்ணை மட்டும் இறக்கிக்கொண்டு, அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிற குழந்தையை அனுப்பப் பார்த்தேனே. அந்தக் குழந்தையின் கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்குள் ஓடினேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஆணியில் தொங்கிய சிவப்புப் பூட்டை அதன் சாவியோடு எடுத்தேன். அவர் போட்டோ இருந்த அட்டையைக் கழற்றிப் போட்டேன். பாப்பாவின் பள்ளிக்கூட அடையாள அட்டை கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பிள்ளைகளை எல்லாம் இறங்கச் சொன்னேன். பின்சீட்டைத் தூக்கினேன். பேட்டரியையும் வண்டியையும் சேர்க்கிற பெரிய பிளக் ஒன்று உண்டு, அவர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதைப் பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலை முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்தேன். பிளக் கழன்று வந்த வேகத்தில் நான் பின்னால் உட்கார்ந்தேன். முன்னால் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது.

பெட்டியை மூடி, அதன் கொண்டியில் சிவப்புப் பூட்டைப் போட்டேன். பூட்டில் என் பெண்ணின் அட்டையை மாட்டினேன். இரட்டைச் சடையோடு, முன்பல் விழுந்த வாயோடு அவள் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். சாவியைக் கொண்டுபோய் அவள் கையிலேயே கொடுத்தேன். “இது ஒன் பூட்டு. அப்பா சொன்ன சட்டம் ஞாபகம் இருக்குதில்ல? நீ சொன்னாத்தான் தொறக்கணும்.” அவள் சாவியை கவுன் பையில் போட்டுக்கொண்டு பொத்திக்கொண்டாள்.

அவர் வந்து சாவி திருகினார். வண்டி உயிர் பெறவில்லை. பிள்ளைகள் எல்லாம் கீழே வரிசையாக நிற்பதைப் பார்த்தார். பின்னால் வந்து சீட்டைத் தூக்கினார். முதலில் பூட்டைத்தான் பார்த்திருக்கிறார். கோபத்தில் முகம் கறுத்து, “எவ வேலடி இது?” என்று கத்தினார். அத்தனை வருஷத்தில் என்னை ‘டி’ போட்டு அவர் கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான். வீட்டுக்குள் போய் ஹேக்ஸா பிளேடோடு வந்தார். நான் குறுக்கே போகவில்லை. குறுக்கே போகிற தெம்பு எனக்கு இல்லை. அவ்வளவுதான், இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை, வெட்டினால் வெட்டட்டும் என்று சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அவர் மண்டியிட்டார். பூட்டை இடது கையால் பிடித்தார். அட்டை அவர் பக்கம் திரும்பிக்கொண்டது.

பிளேடு பூட்டின் மேல் வைத்தபடியே இருந்தது. இழுக்கவில்லை. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. தலையைத் துவட்டாமல் வந்திருந்தார், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு பிளேடைத் தரையில் வைத்தார். அட்டையில் விழுந்த தண்ணீரைத் துண்டால் துடைத்தார்.

எழுந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொண்டு வந்து, பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். அதில் ஒன்று சுலபத்தில் வரவில்லை. வந்தபோது அதன் நுனி கருகி, உருகிய பிளாஸ்டிக் நூல் மாதிரி நீண்டது. பலகையைத் தூக்கி, இரும்புப் பட்டைக்கு அடியில் கையை விட்டு ஒயரை வெளியே இழுத்தார். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு ஒயர். அவரே முடுக்கிய ஸ்க்ரூ அதன் தோலைத் துளைத்திருந்தது. வேகத்தடையில் பலகை அமுங்கும்போதெல்லாம் அது உள்ளே இருந்த செம்பைத் தொட்டு, கரண்டை வண்டியின் இரும்புக்கு ஓடவிட்டிருக்கிறது; சுவிட்ச் விழுந்தது அதனால்தான். கம்பி போட்டு வாயைக் கட்டிய பிறகு ஒயர் ஒரு சாண் நீளத்துக்குக் கருகியிருந்தது. அது எங்கள் பெண் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே.

அவர் அந்த ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். “அது சரியாத்தான் சொல்லிகினு இருந்துச்சு,” என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை. “நாந்தான் கேக்கல.” அப்புறம் வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் போகவில்லை. ஆனாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பிள்ளைகளை நான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது பீரியடுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். என் சமையல் வேலைக்கும் தாமதம், அங்கேயும் பேச்சு வாங்கினேன். சாயங்காலம் இவர் வீடு வீடாகப் போய், என்ன நடந்தது என்பதை அவரே சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் கை ஓங்கினார்களாம், அதை எனக்கு வேறு யாரோ சொன்னார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வேனுக்குப் போய்விட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். அடுத்த மாசம் எப்படி என்று ஆளுக்கொரு பக்கம் கணக்குப் போட்டோம்.

கடை மெக்கானிக் வந்து புது ஒயர் போட்டார், அதற்கு மேல் கெட்டியாக ஓர் உறை போட்டார். புது ஸ்க்ரூ எதுவும் போடவில்லை. பலகை போனது போனதுதான், அது இப்போது வாசலில் துணி துவைக்க உதவுகிறது. சுவிட்சை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். மெக்கானிக் பூட்டைப் பார்த்து, “சாவி குடுங்கண்ணே” என்றார்.

“எங்கிட்ட இல்ல,” என்றார் இவர். “பாப்பா, கொஞ்சம் வா.”

அத்தனை நாளும் சாவியை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. தூங்கும்போதும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இவரும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. ஓடிவந்து பூட்டுக்குப் பக்கத்தில் குந்தினாள். மெக்கானிக் அவசரப்பட்டார், இன்னும் வேறு வண்டி பார்க்கப் போக வேண்டுமாம். அவள் சாவியை எடுக்கவில்லை. முதலில் வண்டிக்குள் தலையைக் குனிந்தாள். “எங்கப்பா பென்ச்சு” இருந்த இடத்தைப் பார்த்து, அவள் அப்பா கத்துகிற அதே மாதிரி, தெருவே கேட்கக் கத்தினாள்.

“உள்ள ஆள் இருக்கா?”

மெக்கானிக் சிரித்துவிட்டார். நாங்கள் சிரிக்கவில்லை. அவள் மூன்று தரமும் கத்தினாள். கத்திவிட்டு, சட்டப்படி, காத்திருந்தாள். வண்டிக்கு வெளியே, கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அவள் அப்பா அவள் பக்கமாகக் குனிந்தார்.

“இல்லம்மா,” என்றார். “எல்லாரும் வெளிய வந்துட்டோம். தொற.”